கோரம்

லிப்ட் நின்று நூற்று ஆறாம் நாள்
செந்தூலில் எங்கள் அடுக்குமாடிக்கு ஆண்டுக்கூட்டம்.
முந்நூற்றுப் பதினாறு வீடுகள்.
கீழ்த்தள மண்டபத்தில் எண்பது பிளாஸ்டிக் நாற்காலி.
உட்கார்ந்தவர் பதினொருவர், என்னையும் சேர்த்து.
அதில் ஒருவர் காற்றாடிக்காக வந்தவர்.

"கோரம் இல்லை" என்றார் தலைவர்.
கூட்டம் நடக்க இத்தனை தலை வேண்டும் என்று
பக்கத்து நாற்காலி ஃபோங் விரல்விட்டு விளக்கினாள்.
எனக்குத் தமிழில் விழுந்த அர்த்தமே போதுமாயிருந்தது.
காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தேன்.
கோரம்தான்.

அரைமணி நேரம் காத்திருக்க வேண்டுமாம்,
பிறகு வந்தவரே போதுமாம், சட்டம் அப்படி.
அந்த அரைமணி நேரத்தில்தான்
மடியில் கிடந்த கணக்கறிக்கையைத் திறந்தேன்.
நாலு வருடமாக
அதை விரித்துத்தான் மீன் கழுவுகிறேன்.

பேரங்காடிக் கல்லாவில் பன்னிரண்டு வருடம் நிற்பவள் நான்.
எண்கள் என்னிடம் ஒளிந்து விளையாடாது.
ஏழாம் பக்கம்: தண்ணீர்ப் பம்பு பழுது,
நாலாயிரத்து இருநூறு வெள்ளி.
ஒன்பதாம் பக்கம்: அதே பம்பு,
அதே தேதி,
அதே நாலாயிரத்து இருநூறு.

கேட்க வேண்டும்.
எப்படிக் கேட்பது?
எழுந்து நின்றா? உட்கார்ந்தபடியா?
இப்போதா, 'இதர விஷயங்கள்' வரும்போதா?

நன்னெறிப் பாடத்தில் நான் ஏ.
நேர்மை, ஒத்துழைப்பு, கடமையுணர்வு,
இன்றைக்கும் வரிசை மாறாமல் ஒப்பிப்பேன்.
ஒரு கணக்குத்தாளைக் கையில் கொடுத்து
இதில் பிழை எங்கே, யாரிடம் கேட்பாய் என்று
எந்த வகுப்பிலும் யாரும் சொல்லவில்லை.
வகுப்புத் தலைவரைக்கூட
உயரம் பார்த்துத்தான் வைத்தார்கள்.

போன வருடம் காவலர் நீட்டிய பதிலாள் பாரத்தில்
கையெழுத்துப் போட்டேன், நின்ற வாக்கில்.
யார் பெயர் இருந்தது அதில்?
என் ஓட்டும் அந்தப் பம்புக்குள் போயிருக்கலாம்.

கையைத் தூக்கினேன். பாதிதான்.
நிற்குமா நிற்காதா என்று தெரியாத பஸ்ஸுக்குத் தூக்குவதுபோல.
"அப்பாடா, செயலாளர் கிடைத்துவிட்டார்" என்றார் தலைவர்.
"இல்லை, பம்பு" என்றேன்.
சிரித்தார்கள்.
மூன்றாம் வரிசை ரோஸ்லி சிரிக்கவில்லை.
ஒன்பதாம் பக்கத்தைத் தேடினார்.
பிறகு ஃபோங்.
பிறகு தாள்கள் புரளும் சத்தம் மட்டும்,
காற்றாடியையும் மீறி.

அச்சுப்பிழை என்றார் பொருளாளர் தனபாலசிங்கம்.
தீபாவளிக்கு எனக்கு அதிரசம் வரும் வீடு அது.
குரல் கொஞ்சம் உடைந்திருந்தது, என்னுடையதும்.
பிழையாகவே இருக்கட்டும் ஐயா.
நாலு வருடம்
அதன்மேல் செதில் உதிர்த்தவள் நான்தானே.

கணக்கைத் திருப்பி அனுப்ப ஆறு கை, வேண்டாமென்று ஐந்து.
ஆறாவது கை
காற்றாடிக்காக வந்தவருடையது.
செயலாளர் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

லிப்ட் இன்னும் ஓடவில்லை.
நூற்றைம்பத்திரண்டாம் நாள்.
பதினாலாம் மாடிக்கு அரிசியைத் தோளில்தான் ஏற்றுகிறேன்,
வழியில் இரண்டு பேர் என்னைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள்.
ஆனால் திறக்காத அந்த லிப்ட் கதவு
தாள் ஒட்ட வசதி.
மாதக் கணக்கைக் கையால் எழுதி ஒட்டினேன்,
தமிழில், மலாயில், ஃபோங் உதவியோடு சீனத்தில்.

மறுநாள் காலை, கடைசி வரிக்குக் கீழே
பென்சிலில் யாரோ:
கூட்டல் தப்பு. நாற்பது வெள்ளி இடிக்குது.

படியில் உட்கார்ந்து மறுபடி கூட்டினேன்.
இடித்தது.
பதினொரு பேரில் யாருடைய கையெழுத்தும் அல்ல அது.
திருத்தினேன்.
பிறகு மேலே போய்
ஒரு பென்சிலும் பூ கட்டும் நூலும் எடுத்துவந்து
அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே
தொங்கவிட்டேன்.